படகு ஏன் நடுவழியில் நிற்கிறது? ஆகாயத்தாமரை சொல்லும் 7 வாரக் கணக்கு

ஆலப்புழா என்றதும் உங்கள் போனில் என்ன வரும்? தென்னை மரங்கள், மெதுவாக நகரும் ஹவுஸ்போட், மேல்தளத்தில் கரிமீன் பொரியலோடு ஒரு குடும்பம். ரீல்ஸில் தண்ணீர் எப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் அதே தண்ணீரில் இன்னொரு படகும் போகிறது. அதில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், டயாலிசிஸுக்குப் போகும் பெரியவர், காய்கறிக் கூடையோடு சந்தைக்குப் போகும் அம்மா எல்லோரும் இருப்பார்கள். குட்டநாட்டின் உள்பகுதிகளில் இன்னமும் பல வீடுகளுக்கு வாசலே கால்வாய்தான். அவர்களுக்குப் படகு என்பது நமக்கு டவுன் பஸ் மாதிரி.

அந்த டவுன் பஸ் அடிக்கடி நின்றுபோகிறது. ஸ்டிரைக் கிடையாது, டீசல் தட்டுப்பாடு கிடையாது. பச்சைப் பசேலென்று, ஊதாப் பூவோடு மிதக்கும் ஒரு செடிதான் காரணம். நாம் ஆகாயத்தாமரை என்கிறோம்; சில ஊர்களில் வெங்காயத்தாமரை. கால்வாயின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை பாய் விரித்தது போல அது மூடிவிட்டால், படகு வராது. வந்தாலும் நேரத்துக்கு வராது.

"செடியை வாரிப் போட்டால் முடிந்தது, இதில் என்ன இருக்கு?" என்று தோன்றலாம். பல வருடங்களாக அப்படித்தான் வாரிப் போடுகிறார்கள். முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைப் புரிந்துகொண்டால், இந்தியாவின் நீர்வழிகள் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வியே மாறிவிடும்.

படகு எப்படிச் சிக்குகிறது?

ஆழம் குறைந்த, களை மண்டிய தண்ணீரில் ஒரு மோட்டார் படகுக்கு மூன்று விதத்தில் ஆபத்து.

முதலாவது, ப்ரொப்பல்லர். ஆகாயத்தாமரையின் வேர்கள் தண்ணீருக்குக் கீழே தாடி மாதிரி அடர்த்தியாகத் தொங்கும். சுழலும் ப்ரொப்பல்லரில் அது மாட்டினால், நூல்கண்டு போலத் தண்டைச் சுற்றிக்கொள்ளும். எஞ்சின் உறுமும், படகு நகராது. அனுபவமுள்ள படகோட்டி அப்போது ஆக்ஸிலேட்டரை முறுக்க மாட்டார். ரிவர்ஸ் போட்டு, சுற்றியதை எதிர்த்திசையில் அவிழ்க்கப் பார்ப்பார். அதுவும் முடியாவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கத்தியால் அறுக்க வேண்டியதுதான். அவுட்போர்டு எஞ்சின் என்றால் தூக்கிப் பிடித்து அறுக்கலாம். எஞ்சின் படகுக்கு உள்ளேயே இருந்தால் ஒருவர் தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, சூடு. பல படகு எஞ்சின்கள் தங்களைக் குளிர்வித்துக்கொள்ள வெளித் தண்ணீரையே உறிஞ்சுகின்றன. அந்த உறிஞ்சு துளையை இலைக் குப்பையும் வேரும் அடைத்துவிட்டால் எஞ்சின் கொதிக்கும். கவனிக்காமல் ஓட்டினால் பெரிய செலவு.

மூன்றாவது, தரை. ஆழம் குறைந்த இடத்தில் வேகம் எடுத்தால், படகுக்குக் கீழே தண்ணீர் வேகமாக ஓடி அழுத்தம் குறையும். படகு வழக்கத்தைவிட இன்னும் கீழே இறங்கும். நின்றபோது தரை தட்டாத படகு, வேகமாகப் போகும்போது தட்டுவது இதனால்தான். "சீக்கிரம் கடந்துவிடலாம்" என்ற அவசரம்தான் இங்கே முதல் எதிரி. அந்த வேகம் எழுப்பும் அலை கரை மண்ணையும் அரிக்கும். அரித்த மண் கால்வாயிலேயே படிந்து, அடுத்த வருடம் ஆழத்தை இன்னும் குறைக்கும்.

தண்ணீரைப் படிக்கத் தெரிய வேண்டும்

கூகுள் மேப்பில் நீலக் கோடு இருக்கிறது என்பதற்காகப் படகு போய்விடாது. உள்நாட்டு நீர்வழியில் படகு ஓட்டுவது தண்ணீரின் மேற்பரப்பைப் படிக்கும் வேலை.

தரையில் வேர் ஊன்றி வளரும் அல்லியோ ஆம்பலோ தெரிந்தால், அங்கே ஆழம் குறைவு என்று அர்த்தம். ஆனால் ஆகாயத்தாமரை அப்படி எதுவும் சொல்லாது. அது மிதக்கிற செடி. இடுப்பளவு தண்ணீரிலும் இருக்கும், இருபது அடி ஆழத்திலும் இருக்கும். வளைவுகளில் வெளிப்பக்கம் ஆழமாக இருக்கும், உள்பக்கம் மணல் சேர்ந்திருக்கும். சிறு வாய்க்கால் வந்து சேரும் இடத்தில் வண்டல் மேடு இருக்க வாய்ப்பு அதிகம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்க்கரையில் களை ஒதுங்கும். காலையில் திறந்திருந்த வழி, காற்று திரும்பியதும் மாலையில் மூடிக்கிடக்கும்.

பழைய கெட்டுவள்ளங்கள் இந்தத் தண்ணீருக்காகவே பிறந்தவை. ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றுக் கயிறால் இழுத்துக் கட்டிச் செய்தவை. நீண்ட மூங்கில் கழியைத் தரையில் ஊன்றித் தள்ளுவார்கள். கழியில் வேர் சுற்றாது. ஒவ்வொரு ஊன்றலிலும் ஆழம் எவ்வளவு என்பது கைக்கே தெரிந்துவிடும். மோட்டார் வந்ததும் வேகம் கிடைத்தது. கூடவே, தண்ணீர் சுத்தமாக இருந்தால்தான் ஓடுவேன் என்ற நிபந்தனையும் வந்தது. நிபந்தனையை மறந்துவிட்டு வேகத்தை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

7 வாரத்தில் பழைய நிலை

இப்போது கணக்குக்கு வருவோம். ஆகாயத்தாமரையின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அழகான பூவுக்காக உலகமெங்கும் கொண்டுபோனார்கள். வங்காளத்தில் அது ஆறுகளையும் வயல்களையும் மூடி, படகுப் போக்குவரத்தையே முடக்கியதால், 1936-லேயே ஆகாயத்தாமரையை ஒழிக்க என்று தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. ஆக, இது நேற்று முளைத்த பிரச்சினை இல்லை.

சாதகமான சூழலில் இந்தச் செடி சுமார் 2 வாரத்தில் இரட்டிப்பாகும். ஒரு கால்வாய் முழுக்க மூடியிருக்கிறது என்று வையுங்கள். இயந்திரம் கொண்டுவந்து 90 சதவீதத்தை வாரிவிட்டீர்கள். போட்டோ எடுத்தாச்சு, செய்தியும் வந்தாச்சு. மிச்சம் 10 சதவீதம். 2 வாரத்தில் அது 20. 4 வாரத்தில் 40. 6 வாரத்தில் 80. ஏழாவது வாரத்தில் கால்வாய் பழையபடி மூடியிருக்கும்.

அதாவது, வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் 'பிரம்மாண்ட தூய்மைப் பணி' என்பது, கணக்குப்படி பார்த்தால், சுமார் 7 வார நிம்மதியை விலைக்கு வாங்குவது. மீதி 45 வாரம்? பள்ளிப் பிள்ளைகள் நீந்திப் போக முடியாதே. இதோடு, தரையில் விழுந்த விதைகள் பல வருடங்கள் உயிரோடு கிடக்கும். சாக்கடையும் வயலிலிருந்து வழியும் உரமும் அதற்குச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டை நாம் நிறுத்தாதவரை அது போகாது.

டன் கணக்கில் ஒரு தப்புக் கணக்கு

ஆகாயத்தாமரையின் எடையில் 90 சதவீதத்துக்கும் மேல் வெறும் தண்ணீர். 100 டன் வாரினால் 90 டன்னுக்கு மேல் தண்ணீரைத்தான் தூக்கியிருக்கிறோம். "இந்த வருடம் இத்தனை டன் அகற்றினோம்" என்று எந்த அமைப்பு சொன்னாலும், அந்த எண்ணை வைத்து ஒரு பயணிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இன்னும் சொன்னால், டன்னுக்கு இவ்வளவு என்று பில் போடும் முறையில், களை அதிகம் வளர்ந்தால் பில்லும் அதிகம். வளரவிட்டு வாருவதுதான் லாபம் என்றால், யார் அதைச் சின்னதாக இருக்கும்போதே பிடுங்குவார்கள்?

என் வாதம் எளிமையானது. நீர்வழிப் பராமரிப்புக்கான பணத்தை, வாரிய டன்னுக்குக் கொடுக்கக் கூடாது. படகு தடையில்லாமல் ஓடிய நாளுக்குக் கொடுக்க வேண்டும். இந்தக் கால்வாயில் வருடத்தில் எத்தனை நாள் காலைப் படகு நேரத்துக்குப் போனது? அந்த ஒரு எண்ணை மாதாமாதம் வெளியிடுங்கள். ஒப்பந்ததாரருக்கு அதன்படி பணம் கொடுங்கள். அப்போது பெரிய இயந்திரத்தைவிட, வாரம் இருமுறை சின்னப் படகில் வந்து ஓரத்தில் துளிர்த்ததைப் பிடுங்கும் நாலு பேர் அதிக லாபம் தருவார்கள். களை அங்கிருந்து மிதந்து வராதபடி வாய்க்கால் முகப்பில் ஒரு மிதவைத் தடுப்பு போடுவதற்கும் அப்போதுதான் ஆர்வம் வரும். வாரியதைக் கரையிலேயே குவித்துவைத்து, அடுத்த மழையில் அது மறுபடி தண்ணீருக்குள் இறங்கும் கூத்தும் நிற்கும்.

"மருந்தடித்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. களைக்கொல்லி வேகமாக வேலை செய்யும், உண்மைதான். ஆனால் செத்த செடி அங்கேயே அழுகும், தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், மீன் சாகும். மக்கள் குளிக்கும், பாத்திரம் கழுவும், மீன் பிடிக்கும் தண்ணீரில் இதைச் செய்வதற்கு என்னால் ஆதரவு சொல்ல முடியாது.

"உரமாக்கலாம், கூடை பின்னலாம், பயோகேஸ் எடுக்கலாம்" என்பது இன்னொரு யோசனை. தாராளமாகச் செய்யலாம், நாலு பேருக்கு வேலை கிடைக்கும். ஆனால் 90 சதவீதம் தண்ணீராக இருப்பதைச் சுமந்து, காயவைத்து, விற்று வரும் வருமானத்தில் கால்வாயைச் சுத்தமாக வைத்திருக்கலாம் என்று கனவு காண வேண்டாம். அது உபரி வருமானம். பராமரிப்பு பட்ஜெட்டுக்கு மாற்று ஆகாது.

உப்புத் தண்ணீர் என்ற பழைய காவலாளி

குட்டநாட்டின் கதையில் இன்னொரு முக்கியமான முடிச்சு இருக்கிறது. கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் பூமி இது. இந்த விவசாய முறைக்கு 2013-ல் ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் பாரம்பரியம் என்ற அங்கீகாரம் கொடுத்தது. கோடையில் வேம்பநாட்டுக் காயல் வழியாகக் கடல் நீர் உள்ளே ஏறும். அது நெல்லைக் கெடுக்கும் என்பதால், 1970-களில் தண்ணீர்முக்கத்தில் காயலுக்குக் குறுக்கே தடுப்பணை கட்டினார்கள். வழக்கமாக டிசம்பரில் மூடி, மார்ச், ஏப்ரல் வாக்கில் திறப்பார்கள்.

நெல் தப்பித்தது. ஆனால் ஆகாயத்தாமரைக்கு உப்பு ஆகாது. முன்பெல்லாம் வருடா வருடம் உள்ளே வந்த உப்புத் தண்ணீர் களையைத் தானாகவே கருக்கிவிடும். அணை மூடியதும் அந்த இலவசத் துப்புரவுப் பணியாளர் வேலையிலிருந்து நின்றுவிட்டார். தெற்கே தேங்கிய நன்னீரில் உரமும் கழிவும் சேர, களைக்குக் கொண்டாட்டம்.

அப்படியானால் அணையைத் திறந்தே வைத்துவிடலாமா? அது விவசாயியின் வயிற்றில் அடிப்பது. மூடியே வைத்தால் மீனவர்களுக்கும் படகுப் பயணிகளுக்கும் பாதிப்பு. அதனால்தான் திறக்கும் தேதி வருடா வருடம் சண்டையாகிறது. மங்கொம்பு என்ற குட்டநாட்டு ஊரைப் பூர்வீகமாகக் கொண்டவரும் கும்பகோணத்தில் பிறந்தவருமான எம்.எஸ்.சுவாமிநாதனின் ஆராய்ச்சி நிறுவனம், குட்டநாட்டுக்காக 2007-ல் ஒரு விரிவான அறிக்கை தந்தது. அதன் அடிப்படையில் சுமார் ரூ.1,840 கோடியில் 'குட்டநாடு பேக்கேஜ்' வந்தது. நெல் சாகுபடியை ஒரே காலண்டருக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அதில் முக்கியமான யோசனை. எல்லா வயலும் ஒரே காலத்தில் விதைத்து ஒரே காலத்தில் அறுத்தால், அணையைச் சீக்கிரம் திறக்கலாம், உப்பு சில வாரம் உள்ளே வரலாம். நெல், மீன், படகு மூன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும். இதைவிட நியாயமான சமரசம் எனக்குத் தெரிந்து வேறில்லை. என்ன, காலண்டரைக் கடைப்பிடிப்பது, கான்க்ரீட் போடுவதைவிடக் கஷ்டமான வேலை.

வண்டு ஜெயித்த கதை

நம்பிக்கைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. கேரளத்தின் காயல்களை ஆகாயத்தாமரைக்கு முன்பே இன்னொரு மிதக்கும் களை ஆட்டிப்படைத்தது. ஊர்க்காரர்கள் அதை 'ஆப்பிரிக்கன் பாயல்' என்றார்கள். உண்மையில் அது பிரேசில்காரி. 1983-ல் அதே பிரேசிலைச் சேர்ந்த, சுமார் 2 மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு வண்டை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அந்த வண்டுக்கு இந்தக் களையைத் தவிர வேறு சாப்பாடு இல்லை. சில வருடங்களில் பல கால்வாய்களில் வழி திறந்தது.

ஆகாயத்தாமரைக்கும் அப்படிப்பட்ட வண்டுகள் 1980-களின் தொடக்கத்திலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டன. சில நீர்நிலைகளில் நல்ல பலனும் தந்தன. ஆனால் அவற்றுக்குச் சில வருடங்கள் நேரம் வேண்டும். நாம் நடுவில் இயந்திரத்தைவிட்டு வாரினால் களையோடு வண்டும் போய்விடும். எங்கே வாருவது, எங்கே வண்டுக்கு விட்டுவைப்பது என்று ஒரே கையில் திட்டம் இருக்க வேண்டும். இப்போதோ தேசிய நீர்வழி ஓர் அமைப்பிடம், கால்வாய் இன்னொரு துறையிடம், சின்னத் தோடு பஞ்சாயத்திடம், படகு வேறொரு துறையிடம். களைக்கு மட்டும் எல்லைக்கோடு கிடையாது. அது எல்லோர் அதிகாரத்துக்கும் நடுவே நிம்மதியாக மிதக்கிறது.

படகை மாற்றினால் என்ன?

மாற்ற வேண்டும்தான். உலகம் முழுக்க மனிதர்கள் தண்ணீருக்கேற்ற படகைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தாய்லாந்தில் நீண்ட வால் படகு பார்த்திருப்பீர்கள்: கார் எஞ்சின் மாதிரி ஒன்றைப் பின்னால் வைத்து, நீண்ட கம்பியின் முனையில் ப்ரொப்பல்லர். களை வந்தால் ஓட்டுபவர் கைப்பிடியை அழுத்தினால் போதும், வால் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொள்ளும். அமெரிக்காவின் ஃப்ளோரிடா சதுப்பு நிலங்களில் தட்டை அடிப்படகின் மேல் விமான விசிறி மாதிரி ஒன்றைக் கட்டி, தண்ணீருக்குள் எதையும் விடாமலே ஓட்டுகிறார்கள். காது செவிடாகும் சத்தம் என்பதால் ஊருக்குள் பொதுப் போக்குவரத்துக்கு அது சரிப்படாது. களை வழுக்கிப்போகும்படி பின்னோக்கி வளைந்த இறக்கைகள் கொண்ட ப்ரொப்பல்லர்களும், தண்டில் சுற்றுவதை அறுக்கும் கத்தி வளையங்களும் சந்தையில் உண்டு.

கேரளாவும் சும்மா இல்லை. 2017 ஜனவரியில் வைக்கம் - தவணக்கடவு இடையே 75 பேர் போகும் 'ஆதித்யா' சோலார் படகை விட்டது. இந்தியாவின் முதல் சோலார் பயணிகள் படகு அது. 2023 ஏப்ரலில் கொச்சி வாட்டர் மெட்ரோ வந்தது. இரண்டும் பெருமைப்பட வேண்டியவை. ஆனால் ஆதித்யா கடப்பது அகலமான காயலை. பத்துப் பதினைந்து வீடுகளுக்கு நடுவே நுழையும் குறுகிய கால்வாயின் கதை வேறு. ஷோரூம் படகு பெரிய வழிக்கு, பழைய டீசல் படகு களை மண்டிய வழிக்கு என்று பிரித்தால், தொழில்நுட்பம் யாருக்கு அவசரமாகத் தேவையோ அவர்களுக்குக் கடைசியில்தான் போய்ச்சேரும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குட்டநாட்டையே காலி செய்ய வேண்டி வந்தபோது, உயிர்களைக் கரை சேர்த்தது படகுகள்தான். அந்த வழிகள் வெள்ளம் இல்லாத நாட்களிலும் திறந்திருக்க வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

சரி, நமக்கு என்ன?

2016-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் இந்தியாவின் தேசிய நீர்வழிகளின் எண்ணிக்கையை 111 ஆக்கியது. கொல்லம் - கோட்டப்புரம் வழி 1993-லேயே அந்த அந்தஸ்து பெற்றது. நம்மூர் பக்கிங்ஹாம் கால்வாயும் 2008-ல் அறிவிக்கப்பட்ட 4-வது தேசிய நீர்வழியின் ஒரு பகுதிதான். நம்ப முடிகிறதா?

1806-ல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. 1876-78 பஞ்சத்தின்போது பட்டினியில் வாடியவர்களுக்குக் கூலி கொடுத்து அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தார்கள். ஒரு காலத்தில் விறகும் உப்பும் படகில் வந்து இறங்கின. தமிழ்நாட்டுக்குள் மட்டும் சுமார் 163 கி.மீ. நீளம். இன்று அதன் நடுப்பகுதியில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. பல இடங்களில் கழிவுநீரும் ஆகாயத்தாமரையும்தான் மிச்சம். அறிவிப்பு இருக்கிறது, படகு இல்லை.

ஒவ்வொரு வருடமும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் சென்னையின் கால்வாய்களில் ஆம்பிபியன் இயந்திரங்கள் இறங்குவதை நாம் பார்க்கிறோம். இப்போது அந்த 7 வாரக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் வாரினால், சாக்கடையில் கொழுத்த களை அக்டோபர் கடைசியில் திரும்பி நிற்கும். மழை சூடுபிடிப்பதும் அப்போதுதான். குட்டநாட்டில் படகை நிறுத்தும் அதே செடி, இங்கே வெள்ளம் வடியும் வழியை மறிக்கிறது. படகு போகும் அளவுக்குத் திறந்திருக்கும் கால்வாயில் வெள்ளமும் வடியும். அந்த வகையில் படகுதான் நல்ல இன்ஸ்பெக்டர்.

தார் ரோடு போட்டுவிட்டு இருபது வருடம் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கால்வாய் அதைவிட மோசம். இருபது வருடம் வேண்டாம், ஏழு வாரம் போதும். அதனால் அடுத்த முறை 'இத்தனை கோடியில் நீர்வழித் திட்டம்', 'இத்தனை டன் ஆகாயத்தாமரை அகற்றம்' என்று தலைப்புச் செய்தி வந்தால், ஷேர் பண்ணுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தத் தண்ணீரில் போன வருடம் எத்தனை நாள் படகு ஓடியது?